ரெபேக்காளின் கட்டைவிரல்

என் நாத்தனார் ரெபேக்காளுக்குப் பொய் சொல்ல வராது. வாயால் வராது என்று திருத்திக்கொள்கிறேன். கட்டைவிரலால் சொல்லுவார். அதுவும் வருஷத்துக்கு ஒரே ஒரு நாள், ஜனவரி ஒன்றாம் தேதி, தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் சபையில் புது வருஷம் பிறந்தால் வாக்குத்தத்த அட்டை எடுப்பது வழக்கம். சின்னச் சின்ன அட்டைகளில் வேத வசனங்களை எழுதி, தட்டில் கவிழ்த்து வைத்திருப்பார்கள். வீட்டுக்கு ஒன்று எடுக்க வேண்டும். கைக்கு எது வந்ததோ அதுதான் அந்த வருஷத்துக்கு ஆண்டவர் அந்த வீட்டுக்குக் கொடுக்கிற வாக்கு. சுவரில் ஒட்டிவைத்துக்கொண்டு டிசம்பர் வரை தைரியமாக இருக்கலாம். நான் கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் எடுத்தவள். கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கல்யாணமான புதிதில் வெள்ளந்தியாகக் கேட்டுவிட்டேன். என் வீட்டுக்காரர் மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ரெபேக்காள் அவருக்கு மூத்த அக்கா. செங்கல்பட்டு சபையில் வேதாகம ஸ்திரீ வேலை. வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு வேதம் வாசித்துக் காட்டி, ஜெபம் பண்ணி, அவர்கள் புருஷன்மார் மேல் சொல்லும் புகார்களையும் கேட்டுவிட்டு வர வேண்டும். ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு. வெள்ளைப் புடவை, நீலக் கரை, ஆணி கழன்ற ஒரு குடை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, எங்களோடுதான் இருந்தார். ஏன் என்று கேட்டால், "கேட்டவன் எவனும் நேரத்துக்கு வந்து சேரல" என்பார். நேரம் விஷயத்தில் அவ்வளவு கண்டிப்பு. போதகர் பிரசங்கம் பத்து நிமிஷம் நீண்டால் குடையைத் தரையில் ஒரு தட்டுத் தட்டுவார், போதகரும் சுருக்கிக்கொள்வார்.

அட்டைகளைப் பட்டணத்திலிருந்து அச்சடித்து வாங்கலாம். ஆனால் அந்தப் பொடி எழுத்து ரெபேக்காளுக்குப் பிடிக்காது. தானே எழுதுவார். கடைத்தெருவில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் ஜெயினுலாபுதீன் பாய், அச்சு சரியாக விழாத பத்திரிகைகளை அவருக்கென்று ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்து வைத்திருப்பார். நல்ல வார்த்தை எழுதத்தானே என்று காசு வாங்கமாட்டார். ரெபேக்காள் அவற்றைத் துண்டு துண்டாக வெட்டி, வெறும் பக்கத்தில் சிவப்பு மையிலும் நீல மையிலும் வசனம் எழுதுவார். வேதத்தில் கொஞ்சுகிற வசனமும் உண்டு, காதைத் திருகுகிற வசனமும் உண்டு. இவர் எடுப்பதெல்லாம் கொஞ்சுகிறவைதான். மிட்டாய்க் கடையில் பாகற்காய் விற்க முடியுமா என்பது அவர் கட்சி.

எனக்குக் கல்யாணமான மறுவருஷம், பிள்ளைக்காக நான் ஏங்கிக்கொண்டிருந்தபோது, பந்தியைச் சுற்றிப் பிள்ளைகள் உட்காரும் வசனம் வந்தது. அடுத்த வருஷம் என் வீட்டுக்காரர் மதுராந்தகத்துக்கு மாற்றல் கேட்டிருந்தார், போக்குவரத்தை ஆண்டவர் காப்பார் என்று வந்தது. பக்கத்து வீட்டில் மூட்டுவலிக்காரருக்கு, ஓடினாலும் களைக்காத கால்கள். எனக்குச் சந்தேகம் தட்டியது. அதற்கடுத்த வருஷம் வரிசையில் நிற்காமல் பக்கத்தில் நின்று பார்த்தேன். அட்டையைக் கவிழ்த்து வைத்தால் பத்திரிகையின் அச்சு மேலே தெரியும் அல்லவா? ஒன்றில் பாதி மாப்பிள்ளை, ஒன்றில் முகூர்த்த நேரம், ஒன்றில் பிள்ளையாரின் தும்பிக்கை. எந்தத் தும்பிக்கைக்கு அடியில் எந்த வசனம் என்று எழுதியவருக்கு அத்துபடி. ஆள் கிட்டே வந்ததும் தட்டை லேசாகச் சரிப்பார். மற்ற அட்டைகள் அந்தப் பக்கம் ஒதுங்கிவிடும். அவருடைய கட்டைவிரல் அமுக்கிக்கொண்டிருக்கும் ஒன்று மட்டும் எடுப்பவர் விரலுக்கு நேராக நிற்கும்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். கொஞ்சமும் அலட்டிக்கொள்ளவில்லை. ஆண்டவருக்கு ஆயிரம் வேலை, கூட நாம் ஒரு கை கொடுத்தால் அவர் கோபித்துக்கொள்ளப் போகிறாரா என்றார். நானும் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். யாருக்கும் நஷ்டமில்லாத களவு என்றுதான் அன்று நினைத்தேன்.

மகாபலிபுரத்துக்குத் தெற்கே பனையடிக்குப்பம் என்று ஒரு மீனவர் குப்பம். அங்கே எங்கள் சபைக்கு நாலே நாலு வீடும் ஓர் ஓலைக் கொட்டகையும் உண்டு. மாதத்தில் இரண்டு தடவை ரெபேக்காள் அங்கே போவார். பேருந்து திருக்கழுக்குன்றம் தாண்டுவதற்குள் அவருக்கு வயிறு புரட்டும், எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே போய்ச் சேருவார். கடலைப் பார்த்தாலே பயம் வேறு. அலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துதான் வேதம் வாசிப்பார். போதகர் செங்கல்பட்டுப் பெரிய கோயிலில் ஆராதனை நடத்துவதால், ஜனவரி ஒன்றாம் தேதி குப்பத்துத் தட்டு இவர் பொறுப்பு. அன்றைக்கு அந்த நாலு வீடு மட்டுமல்ல, கங்கையம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற பாதிக் குப்பமும் கொட்டகைக்கு வந்துவிடும். நல்ல வாக்கு எந்தச் சாமியிடமிருந்து வந்தால் என்ன என்பது அவர்கள் எண்ணம்.

அப்படி வருகிறவர்களில் பூவாயி ஒருத்தி. முப்பத்தைந்து வயது இருக்கும். விடியற்காலையில் மீன் கூடையைத் தலையில் தூக்கினால் வெயில் ஏறும்வரை இறக்கமாட்டாள். அவள் புருஷன் தாண்டவராயன் கட்டுமரக்காரன். எழுபத்துநான்காம் வருஷம் மார்கழியில் அவன் போன மரம் திசை மாறி, ஒரு பகலும் ஓர் இரவும் காணாமல்போய்த் திரும்பி வந்தது. அதிலிருந்து பூவாயிக்குக் கண்ணில் தூக்கமில்லை. அந்த ஜனவரியில் அவள் தட்டுக்கு முன்னால் வந்து நின்றாள். ரெபேக்காள் அவள் முகத்தைப் பார்த்தார். கட்டைவிரல் தன் வேலையைச் செய்தது. பொல்லாப்பு உனக்கு வராது, எந்த வாதையும் உன் வீட்டை அண்டாது என்கிற அட்டை பூவாயியின் கைக்குப் போயிற்று. அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ரெபேக்காள் வாசித்துக் காட்டியதும் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சோற்றுப் பசையால் வாசற்காலுக்கு மேலே ஒட்டிவைத்தாள்.

ஐப்பசியில் தாண்டவராயன் செத்துப்போனான். நடுக்கடலில் அல்ல, கரைக்கு நூறு கஜம் இருக்கும்போது. பட்டப்பகலில், பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அலை மரத்தைப் புரட்டி அவன் தலையில் போட்டது. நாலு பேர் போனதில் மூன்று பேர் நடந்து கரையேறினார்கள்.

துக்கம் கேட்க எங்கள் சனங்கள் போனார்கள். கையில் பதில் தயாராகத்தான் இருந்தது. எல்லாம் ஆண்டவருடைய சித்தம் என்றார் போதகர். சோதனை என்றாள் மாதர் சங்கத்தில் ஒருத்தி. இன்னொருத்தி திரும்பும் வழியில் எங்கள் வீட்டில் உட்கார்ந்து சட்டம் பேசினாள், ஞானஸ்நானம் எடுக்காதவர்களுக்கு வாக்குத்தத்தம் எப்படிச் செல்லும் என்று. ரெபேக்காள் அவளைப் பார்த்து, தட்டை நீட்டும்போது அதைக் கேட்டோமா என்று ஒரே கேள்வி கேட்டார். அவள் அப்புறம் எங்கள் வீட்டுக் காப்பியைத் தொடவில்லை.

ரெபேக்காள் மூன்றாம் நாள் குப்பத்துக்குப் போனார். பூவாயி அழவில்லையாம். வாசற்காலுக்கு மேலே இருந்த அட்டையை நிமிர்ந்து பார்த்தாளாம், பிறகு ரெபேக்காளைப் பார்த்தாளாம். அவ்வளவுதான். இவர் கிளம்பும்போது ஒரு வார்த்தை சொன்னாளாம். வருஷம் பிறக்கட்டும், எல்லார் முன்னாடியும் அதைத் தட்டிலேயே திருப்பிப் போட்டுவிட்டு, உங்கள் சாமியிடம் ஒரு கேள்வி கேட்கிறேன் என்று.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் சாப்பிடவில்லை. அடுப்படியில் என் எதிரில் உட்கார்ந்து வலது கையின் மூன்று விரல்களை நீட்டினார். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு இருபத்தைந்து வருஷமாக அவர் சொல்லிக்கொடுக்கிற பாடம் அது. ஒரு விரல், ஆண்டவருக்கு எல்லாம் தெரியும். அடுத்த விரல், அவரால் எல்லாம் முடியும். மூன்றாவது, அவர் அன்பானவர். பிள்ளைகள் மூன்று விரலையும் ஆட்டிக்கொண்டே பாடும்.

"மூணும் ஒண்ணா நிக்க மாட்டேங்குது வச்சலா" என்றார். "ஒண்ண மடக்கினாத்தான் மத்த ரெண்டும் நிக்குது."

எதை மடக்கிப் பார்த்தீர்கள் என்று கேட்டேன். நான் பாதி விளையாட்டாகத்தான் கேட்டேன். அவர் விளையாடவில்லை.

"எத மடக்கினாலும் அன்ப மடக்க மாட்டேன். அது போச்சுன்னா எனக்கு அவரே வேணாம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வேதாகம ஸ்திரீ பேசுகிற பேச்சா இது? ஆனால் அவருக்கு அதைவிடப் பெரிய பாரம் வேறு ஒன்று இருந்தது. பூவாயி கேள்வி கேட்கப் போவது ஆண்டவரிடம். அவர் கொடுக்காத வாக்கை, அவர் கொடுத்தார் என்று நினைத்துக்கொண்டு. கொடுத்தது இந்தக் கட்டைவிரல். உண்மையைச் சொன்னால் தட்டுக்கு மரியாதை போகும், இருபத்தைந்து வருஷத்து ஊழியமும் போகலாம். சொல்லாவிட்டால் பூவாயியின் கணக்கில் ஆண்டவர் பொய்யர்.

நான் சொன்ன புத்தி என்ன தெரியுமா? வாயைத் திறக்காதீர்கள் அக்கா, அவளுக்கு எப்படித் தெரியப்போகிறது, போதகர் சொன்ன மாதிரி சித்தம் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள் என்றேன். இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.  அவர் அந்தக் கட்டைவிரலை மட்டும் மற்ற விரல்களுக்குள் மடக்கி வைத்துக்கொண்டார்.

டிசம்பர் மாதம் பாயின் கடைக்குப் போய், இந்த முறை அச்சு விழுந்தது வேண்டாம், இரண்டு பக்கமும் வெறுமையாக இருக்கிற அட்டை வேண்டும் என்று கேட்டார். பாய்க்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் வெட்டிக்கொடுத்தார். வீட்டில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தபோது வேதத்தைக் கண்ட இடத்தில் திறந்து, கண்ணில் பட்டதை எழுதினார். கொஞ்சுவதும் வந்தது, திட்டுவதும் வந்தது. வயல் வரப்பைத் தள்ளிப் போடாதே என்று ஒன்று. ஒரு காணி நிலமும் இல்லாத மீன்காரர் ஒருவர் அதை எடுத்தால் என்ன செய்வார் என்று நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. எழுதி முடித்து, கண்ணை மூடிக்கொண்டு கலைத்தார்.

ஜனவரி ஒன்றாம் தேதி என்னையும் கூட வரச் சொன்னார். பண்டிகை நாளில் கறிக்குழம்பை அடுப்பில் விட்டுவிட்டு வர எனக்கென்ன தலையெழுத்து என்று முணுமுணுத்துக்கொண்டே போனேன். பேருந்தில் எலுமிச்சம்பழத்தை எடுக்கவே இல்லை அவர். அதைப் பார்த்தபோதுதான் எனக்குப் பயம் வந்தது.

கொட்டகை நிரம்பியிருந்தது. பாட்டு, ஜெபம் எல்லாம் முடிந்து அவர் தாம்பாளத்தைத் தூக்கியதும், முதல் ஆளாகப் பூவாயி வந்தாள். இடுப்பில் செருகியிருந்த அட்டையை எடுத்தாள். ஓரத்தில் காய்ந்த சோற்றுப் பசை. பின்பக்கம் பாதி மாப்பிள்ளை. அதைத் தட்டில் வைத்தாள்.

"இது பலிக்கல. உங்க சாமி குடுத்தத உங்க சாமியாண்டையே குடுத்துடு. ஏன் பொய் சொன்னாருன்னு கேளு."

 நான் ரெபேக்காளின் முந்தானையைப் பிடித்து இழுத்தேன், ஒன்றும் சொல்லாதீர்கள் என்று. அவர் என் கையை விலக்கிவிட்டார்.

"அவரு பொய் சொல்லல பூவாயி. இத அவரு குடுக்கவேயில்ல. நாந்தான் பாத்து எடுத்துக் குடுத்தேன்" என்றார். பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, பின்பக்கத்து அச்சு, தட்டைச் சரிப்பது, கட்டைவிரல் என்று ஒன்று விடாமல் சொன்னார். தட்டைப் பிடித்துச் செய்தே காட்டினார். இத்தனை வருஷமாக இப்படித்தான் என்றார். முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர், தனக்கு நீடித்த ஆயுள் என்று வந்த அட்டையை நினைத்துக்கொண்டோ என்னவோ, நெஞ்சைத் தடவிக்கொண்டார்.

பூவாயி கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கோபப்படவில்லை. முகம் இன்னும் சின்னதாகிவிட்டது.

"அப்போ எம் புருஷனப் பத்தி அவரு ஒண்ணுமே சொல்லலியா?"

"இல்ல."

"ஏன்?"

"தெரியல."

இருபத்தைந்து வருஷம் வேதம் சொல்லிக்கொடுத்தவர் அப்படிச் சொன்னதை நான் அதற்கு முன் கேட்டதில்லை. சித்தம் என்று சொல்லியிருக்கலாம், சோதனை என்று சொல்லியிருக்கலாம். 

பூவாயி விடவில்லை. "சரி, நீ ஏன் குடுத்த?"

"உன் மூஞ்சியப் பாத்தேன். பயந்துகினு நின்ன. எனக்குத் தாங்கல."

"உனக்கே தாங்கல" என்றாள் பூவாயி. சத்தம் போடவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள். "அவருக்கு மட்டும் எப்டித் தாங்குது?"

 கொட்டகைச் சுவரில் ஈச்சங்குச்சியில் கட்டிய ஒரு சிலுவை தொங்கிக்கொண்டிருந்தது. ரெபேக்காள் அதைப் பார்த்தார். பிறகு, குப்பத்துக்கு வர ஆரம்பித்த நாளிலிருந்து முதுகு காட்டிக்கொண்டிருந்த கடலைத் திரும்பிப் பார்த்தார்.

"தாங்கலன்னுதான் நெனைக்கிறேன், பூவாயி. தாங்காமத்தான் அவரும் எறங்கி வந்து அடி வாங்கிச் செத்தாரு. சிலுவையில தொங்கறப்போ, ஏன் கைவிட்டீங்கன்னு அவரே பிதாவக் கேட்டாரு, பதில் வரல. எனக்குத் தெரிஞ்சது இவ்ளோதான். இதுக்கு மேல சொன்னா மறுபடியும் பொய்யாயிடும்."

  நான் அழுதுகொண்டிருந்தேன், அது எனக்கே தெரியவில்லை. பூவாயி குனிந்து தட்டில் வைத்த பழைய அட்டையை மறுபடி கையில் எடுத்தாள்.

"சாமி குடுத்ததுன்னுதான் திருப்பிக் குடுக்க வந்தேன். நீ குடுத்ததுன்னா எங்கிட்டயே இருக்கட்டும்" என்றாள். எடுத்த இடத்திலேயே இடுப்பில் செருகிக்கொண்டாள். "இந்த வருசத்துக்கு இன்னா? எடுக்கலாமா?"

ரெபேக்காள் தட்டை நீட்டினார். இரண்டு உள்ளங்கையிலும் வைத்து, கட்டைவிரல்கள் இரண்டும் வெளியே தெரிய நீட்டினார். எல்லா அட்டையும் ஒரே வெள்ளை. பூவாயி நடுவிலிருந்து ஒன்றை உருவிக் கொடுத்தாள், படித்துச் சொல் என்று.

ரெபேக்காள் வாங்கிப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது. நான் எட்டிப் பார்த்தேன். சோம்பேறியே, எறும்பைப் பார்த்துப் புத்தி கற்றுக்கொள் என்கிற வசனம். புருஷனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு நிற்பவளுக்கு வரவேண்டிய வசனமா அது? எதை வேண்டுமானாலும் வாசிக்கலாம், அவளுக்குப் படிக்கத் தெரியாது. விதவைகளைத் தாங்குவார் என்று வாசித்தால் யார் கேட்கப்போகிறார்கள்? அந்த ஆசை ரெபேக்காளின் கண்ணில் வந்து போனதை நான் பார்த்தேன். பிறகு அவர் அட்டையில் இருந்ததை இருந்தபடியே, எழுத்து விடாமல் வாசித்தார்.

கொட்டகையில் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். பூவாயி மட்டும் அட்டையையும் ரெபேக்காளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நானா சோம்பேறி?" என்றாள். "நாலு மணிக்கு மீன் கூடை தூக்கறவ நானு."

அவள் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். சிரித்துவிட்டாள். ஐப்பசிக்குப் பிறகு அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை என்று பிற்பாடு சொன்னார்கள். சிரிப்பு நிற்கவில்லை, கண்ணீரும் கூடவே வந்தது. ரெபேக்காள் தாம்பாளத்தை என் கையில் திணித்துவிட்டு அவளைக் கட்டிக்கொண்டார். அவர் தலை பூவாயியின் தோளுக்குத்தான் எட்டியது. தேறுதல் சொல்லப் போனவர்தான் விம்மி விம்மி அழுதார், பூவாயிதான் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

"சரி வுடு, பைபிளம்மா" என்றாள், மூக்கைத் துடைத்துக்கொண்டு. "இது அவரு குடுத்ததுதான். நீயா இருந்தா இத்தக் குடுத்திருக்க மாட்ட."